டிக் டிக் சத்தமும் அப்பாவின் கடிதங்களும்

போன மாதம் ஒருநாள் கணினியைப் போட்டால் கறுப்புத் திரை. பயாஸில் ஹார்டு டிஸ்க் பெயரே இல்லை. வேறு கேபிள் மாட்டினேன். 'டிக், டிக்' சத்தம்தான் வந்தது. அதில்தான் அப்பாவின் கடிதங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். அசலைக் கரையான் தின்று வெகுகாலமாயிற்று.

ராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பழுது பார்க்கும் தம்பியிடம் கொண்டுபோனேன். "எத்தனை தடவை ஆன் பண்ணினீங்க ஐயா?" ஏழெட்டு என்றேன். அவர் முகம் மாறியது. தட்டைத் தொடாமல் காற்றுப் படலத்தில் மிதக்க வேண்டிய ஹெட் பழுதானால், போடப்போட தட்டைச் சுரண்டக்கூடுமாம்.

1956-ல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்டு டிஸ்கில் 2 அடி அகலத் தட்டுகள் 50. எடை ஏறக்குறைய ஒரு டன். தட்டு தட்டாக ஏறி இறங்கித் தேட ஒரே ஒரு கை. இவ்வளவுக்கும் கொண்டது 50 லட்சம் எழுத்துகள். இன்றைய செல்போன் போட்டோ ஒன்றுக்கே சரியாய்ப் போகும்! 1980-ல் சீகேட் 5 எம்பியை ஐந்தேகால் அங்குலத் தட்டுக்குள் அடக்கியது. அதன் பிறகுதான் அது மேசைக்கு வந்தது.

தம்பி டிஸ்கை வேறு கணினியில் இணைத்து, மற்றதை விட்டுவிட்டு, கடிதங்களை முதலில் நகலெடுத்தார். 41-ல் 38 வந்தன. வராத மூன்றில் ஒன்று, நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் அப்பா எழுதியது.