விளையாட்டுருவங்களும் வளர்ந்தோர் சேகரிப்பும் - ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டுப் பொருள் குழந்தைக்கு உரியது என்பதும், குழந்தை வளர்ந்ததும் அது கைவிடப்படும் என்பதும் பொதுவான எண்ணமாகும். ஆயின் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வெண்ணத்துக்கு மாறான ஒரு வழக்கம் ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் யப்பானிலும் வேரூன்றியது. தொழில் செய்து ஊதியம் பெறும் வளர்ந்தோர், குழந்தைகளுக்கெனச் செய்யப்பட்ட சிறு பிளாஸ்டிக் உருவங்களைத் தேடி வாங்கி, வகைப்படுத்தி, கண்ணாடிப் பேழைகளிற் பாதுகாக்கத் தொடங்கினர். இதனை முதிர்ச்சியின்மை என ஒதுக்குவோரும் உளர். வெறும் பண முதலீடு என விளக்குவோரும் உளர். இவ்விரு கருத்துகளும் பகுதியளவிலேயே உண்மையானவை. இவ்வழக்கம் எத்தகைய பொருளாதார, சமூகச் சூழ்நிலைகளில் உருவாயிற்று என்பதையும், அது எதனைப் பாதுகாத்தது, எதனைப் பாதுகாக்கத் தவறியது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வளர்ந்தோர் விளையாட்டுருவங்களைச் சேகரிப்பது முற்றிலும் புதியதன்று. அதன் முன்னோடியாகப் போர்வீரர் பொம்மைகளைக் குறிப்பிடலாம். ஜேர்மனியின் நூரெம்பேர்க் நகரில் 1839இல் தொடங்கப்பட்ட ஹைன்றிக்சன் நிறுவனம் வெள்ளீயத்தால் தட்டையான வீரர் உருவங்களை வார்த்து விற்றது. ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் என்ற அளவு அங்கு நிலைபெற்றமையால், வெவ்வேறு பட்டறைகளிற் செய்யப்பட்ட உருவங்களையும் ஒரே அணியில் நிறுத்த முடிந்தது. சேகரிப்புக்கு இத்தகைய ஒருமைப்பாடு இன்றியமையாதது. 1893இல் இலண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உட்குழிவான ஈய உருவங்களை வார்க்கும் முறையைக் கையாளத் தொடங்கியது. உருகிய உலோகம் அச்சில் ஊற்றப்படும். வெளிப்புறம் இறுகியதும் உள்ளே எஞ்சியது வெளியே ஊற்றப்படும். உலோகம் குறைந்தது, எடை குறைந்தது, விலையும் குறைந்தது. நடுத்தர வகுப்புப் பிள்ளைகள் படைகளை உடையவராயினர்.

அப்பிள்ளைகளிற் சிலர் வளர்ந்த பின்னரும் அப்படைகளைக் கைவிடவில்லை. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட 'லிற்றில் வோர்ஸ்' என்னும் நூலில், இவ்வுருவங்களைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டுக்கு விதிகளை வகுத்தார். வின்ஸ்டன் சேர்ச்சில் 1930இல் வெளிவந்த தமது இளமைக்கால வரலாற்றில், சிறுவயதில் தம்மிடம் ஏறத்தாழ 1,500 வீரர் உருவங்கள் இருந்தன எனவும், அவையே தம்மைப் படைத்துறைக்கு இட்டுச் சென்றன எனவும் எழுதினார். 1935இல் பிரித்தானிய மாதிரிப் போர்வீரர் சங்கம் தோன்றியது. எனினும் இச்சேகரிப்பாளரின் நாட்டம் உண்மைப் படைகளின் சீருடை, கொடி, அணிவகுப்பு ஆகியவற்றிலேயே பெரும்பாலும் இருந்தது. பொம்மை வரலாற்றின் நிழலாகவே மதிக்கப்பட்டது; அது தானே ஒரு வரலாற்றுப் பொருளாகக் கருதப்படும் நிலை பின்னரே ஏற்பட்டது.

அந்நிலைக்கு அடிகோலியது 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் வெளியிட்ட 'ஜீ. ஐ. ஜோ' என்னும் போர்வீரன் உருவமாகும். 1959இல் மட்டல் நிறுவனம் வெளியிட்ட 'பார்பி' பொம்மை ஒரு வணிக உண்மையைத் தெளிவாக்கியிருந்தது: பொம்மையை ஒரு முறையே விற்கலாம், அதன் உடைகளையும் உபகரணங்களையும் மீண்டும் மீண்டும் விற்கலாம். அதே முறையை ஆண்பிள்ளைகளிடத்தும் கையாள ஹாஸ்ப்ரோ விரும்பியது. பதினொன்றரை அங்குல உயரமும், அசையக்கூடிய 21 இடங்களும் கொண்ட உருவம் ஒன்று உருவாயிற்று. ஆனால் அமெரிக்கத் தந்தையர் தம் மகனுக்குப் பொம்மை வாங்கிக் கொடுப்பரா என்ற ஐயம் எழுந்தது. எனவே 'பொம்மை' என்னும் சொல் தவிர்க்கப்பட்டு, 'அக்ஷன் பிகர்', அதாவது செயலுருவம், என்ற புதிய பெயர் சூட்டப்பட்டது.

இப்பெயர் வெறும் விளம்பரச் சொல்லாக நின்றுவிடவில்லை. அமெரிக்கச் சுங்கச் சட்டம் பொம்மைகளுக்கும் ஏனைய விளையாட்டுப் பொருள்களுக்கும் வெவ்வேறு தீர்வை விதித்தமையால், செயலுருவம் பொம்மையா அன்றா என்ற வினா நீதிமன்றத்துக்குச் சென்றது. கடைகளிற் பொம்மை அன்று என விற்கப்பட்ட ஜீ. ஐ. ஜோ, சுங்கத்தைப் பொறுத்தவரை பொம்மையே என 1989இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003இல் 'எக்ஸ் மென்' உருவங்கள் தொடர்பான வழக்கில் வேறொரு தீர்ப்பு வெளிவந்தது. அவை மனிதரைக் குறிக்காமையால் பொம்மைகள் ஆகா என்று சர்வதேச வர்த்தக நீதிமன்றம் கூறியது. 12 வீதமாக இருந்திருக்க வேண்டிய தீர்வை 6.8 வீதமாயிற்று. மானுடத்தின் வரையறையே தீர்வை விகிதத்தால் விசாரிக்கப்பட்ட விந்தை இதுவாகும்.

உருவத்தின் அளவும் வடிவும் உலக நிகழ்ச்சிகளாற் பாதிக்கப்பட்டன. வியட்னாம் யுத்தத்துக்கு எதிரான உணர்வு வலுப்பெற்றபோது போர்வீரன் விற்பனை தளர்ந்தது. 1970ஆம் ஆண்டளவில் ஜீ. ஐ. ஜோ துணிகரப் பயணியாக மாற்றப்பட்டான். 1973இல் எண்ணெய் விலை உயர்ந்தது. பிளாஸ்டிக்கின் மூலப்பொருள் பெற்றோலியமாதலால், பெரிய உருவங்களின் செலவும் ஏறியது. 1976உடன் அவ்வுருவத்தின் முதற் காலகட்டம் முடிவுற்றது. இதே காலத்தில், 1974இல், யப்பானின் தக்காரா நிறுவனம் உள்ளங்கையில் அடங்கும் 'மைக்றோமான்' உருவங்களை வெளியிட்டது. சிறிய உருவத்தின் காலம் பிறந்தது.

1977 மே மாதத்தில் 'ஸ்டார் வோர்ஸ்' திரைப்படம் வெளிவந்தது. அதன் விளையாட்டுப் பொருள் உரிமையை மேகோ நிறுவனம் ஏற்க மறுத்தது. சின்சினாற்றி நகரின் கென்னர் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. கதையில் விண்கலங்கள் முதன்மை பெற்றமையால், அவற்றினுள் அமரக்கூடிய மூன்றேமுக்கால் அங்குல உருவங்களைக் கென்னர் தெரிந்தெடுத்தது. எனினும் அவ்வாண்டு நத்தார்ப் பண்டிகைக்கு உருவங்கள் தயாராகவில்லை. அந்நிறுவனம் செய்தது விளையாட்டு வணிக வரலாற்றில் என்றும் நினைக்கப்படுவது: உருவங்கள் இல்லாத அட்டை உறை ஒன்றையும், அதனுள் ஒரு சான்றிதழையும் விற்றது. சான்றிதழை அனுப்பியோருக்கு 1978இன் தொடக்கத்தில் நான்கு உருவங்கள் தபாலில் வந்தன. வாக்குறுதியே பண்டமாக விற்கப்பட்டது. 1985 வரை 25 கோடிக்கும் மேற்பட்ட உருவங்கள் விற்பனையாயின.

அடுத்து வந்த ஆண்டுகளில் கதைக்கும் பண்டத்துக்கும் இடையிலிருந்த எல்லை மேலும் தேய்ந்தது. 1982இல் மட்டல் வெளியிட்ட 'ஹீ மான்' உருவங்களை விற்கவே 1983இல் தொலைக்காட்சித் தொடர் ஒன்று பிறந்தது. 1984இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு சிறுவர் நிகழ்ச்சிகளுக்கான விளம்பர நேர வரையறைகளைக் கைவிட்டது. தக்காராவின் அச்சுகளைக் கொண்டு ஹாஸ்ப்ரோ 'ட்ரான்ஸ்போமர்ஸ்' உருவங்களையும் தொடரையும் அதே ஆண்டிற் கொண்டுவந்தது. இவ்வாறு ஒரு தலைமுறை தன் கதைகளைப் பாட்டியிடமிருந்தன்றித் தொழிற்சாலையிடமிருந்து பெற்றது. அத்தலைமுறை 1990களில் ஊதியம் பெறும் வயதை அடைந்தது. தன் இளமையை நினைவுகூர அதனிடம் இருந்த பொருள்கள் இவையே. ஆகவே அதன் சேகரிப்பு ஆர்வத்தைத் தனிமனிதரின் பலவீனமாக மட்டும் கொள்வது பொருந்தாது.

இனி, கோடிக்கணக்கிற் செய்யப்பட்ட மலிவான பொருள் எவ்வாறு அரிய பொருளாகியது என்பது நோக்கற்பாலது. அதனை அரிதாக்கியவர்கள் குழந்தைகளே. அவர்கள் உறையைக் கிழித்தனர். சிறு துப்பாக்கியைத் தொலைத்தனர். உருவத்தை மண்ணிற் புதைத்தனர். எஞ்சியவற்றிற் சிலவே பழுதின்றி இருந்தன. உறை பிரிக்கப்படாதவை அதனினும் சில. நிறுவனத்தின் சிறு மாற்றங்களும் அரிமைக்குக் காரணமாயின. 1978இல் 'ஜாவா' என்னும் குறுகிய உருவத்துக்கு முதலில் வைனல் மேலங்கி அணிவிக்கப்பட்டது. விலைக்கு ஏற்றதாகத் தோன்றாமையால் விரைவிலேயே அது துணி மேலங்கியாக மாற்றப்பட்டது. கைவிடப்பட்ட அவ்வைனல் துண்டே பின்னர் உருவத்தினும் பன்மடங்கு மதிப்புப் பெற்றது. அதற்குப் போலிகளும் தோன்றின.

மிகத் தெளிவான எடுத்துக்காட்டு 'போபா பெற்' உருவமாகும். முதுகிலிருந்து சிறு ஏவுகணையைச் செலுத்தும் வகையில் அது திட்டமிடப்பட்டது. வேறொரு நிறுவனத்தின் விளையாட்டுப் பொருளிலிருந்து பாய்ந்த ஏவுகணை தொண்டையிற் சிக்கிக் குழந்தை ஒன்று இறந்ததை அடுத்து, கென்னர் அப்பொறியைக் கைவிட்டு, ஏவுகணையை அசையாதவாறு பொருத்தி விற்றது. செலுத்தும் பொறியுடைய முன்மாதிரிகள் சில மட்டும் எஞ்சின. அவற்றுள் ஒன்று 2024இல் ஏலத்தில் 525,000 டொலருக்கு விற்கப்பட்டது. எந்தக் குழந்தையின் கைக்கும் செல்லாத விளையாட்டுப் பொருளே இத்துணை விலை பெற்றது. பயன்பாட்டு மதிப்பும் பரிமாற்று மதிப்பும் ஒன்றினின்று ஒன்று முற்றாகப் பிரிந்து நிற்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

இவ்விதியை உணர்ந்தோர் அதனைத் தமக்குச் சாதகமாக்க முயன்றபோது அது அவர்களையே ஏமாற்றியது. 1995இல் ஸ்டார் வோர்ஸ் உருவங்கள் மீண்டும் வெளிவந்தன. 1999இல் புதிய திரைப்படத்தையொட்டி மேலும் பெருகின. இம்முறை வாங்கியோரில் வளர்ந்தோர் பலர். பிரிப்பதற்கு ஒன்று, வைப்பதற்கு ஒன்று என இரண்டிரண்டாக வாங்கி உறை கலையாமற் காத்தனர். எல்லோரும் காத்த பொருள் அரிதாகவில்லை. அவற்றுட் பெரும்பாலானவற்றின் விலை உயரவுமில்லை. சேகரிப்பாளர் தேடிய மதிப்பு, சேகரிப்பை அறியாத குழந்தைகளின் கவலையற்ற விளையாட்டினாலேயே உருவாகியிருந்தது. அவ்விளையாட்டு அகன்ற இடத்தில் மதிப்பும் அகன்றது.

நிறுவனங்களோ புதிய நுகர்வோரை விரைவில் இனங்கண்டன. 1994இல் தொடங்கிய மக்பார்லன் நிறுவனம் நுணுக்கமான வேலைப்பாடுடைய உருவங்களை வளர்ந்தோரை நோக்கி வெளியிட்டது. 2000ஆம் ஆண்டில் ஹொங்கொங்கில் தோன்றிய 'ஹொட் டோய்ஸ்' நிறுவனம் நடிகரின் முகச்சாயலையும் உடையின் தையலையும் நுட்பமாகப் படியெடுத்த உருவங்களை உயர்ந்த விலையில் விற்றது. அந்நியருக்காக அச்சு வார்த்துக் கொடுத்த நகரம் தன் பெயரிலேயே உருவங்களைப் படைக்கும் நிலையை அடைந்தமை கவனத்துக்குரியது.

சேகரிப்பாளர் ஆற்றிய அறிவுப்பணியையும் குறைத்து மதிப்பிடலாகாது. ஹாஸ்ப்ரோவின் உடைமையாகிவிட்ட கென்னரின் சின்சினாற்றி அலுவலகம் 2000இல் மூடப்பட்டது. மெழுகு மாதிரிகள், வரைபடங்கள், சோதனைப் பிரதிகள் முதலியன எஞ்சியமைக்கு முன்னாள் ஊழியரும் சேகரிப்பாளருமே பெரிதும் காரணராவர். கலிபோர்னியாவில் ஸ்டீவ் சான்ஸ்வீற் என்பார் திரட்டிய ஸ்டார் வோர்ஸ் பொருள்கள் ஓர் அரும்பொருட்சாலையாக வளர்ந்து, 2013இல் உலகிற் பெரியதென கின்னஸ் பதிவு பெற்றன. அமெரிக்கத் தேசிய விளையாட்டுப் பொருள் மண்டபம் 2004இல் ஜீ. ஐ. ஜோவையும் 2012இல் ஸ்டார் வோர்ஸ் உருவங்களையும் ஏற்றுக்கொண்டது. ஓர் உருவத்தின் காலிற் பொறிக்கப்பட்ட எழுத்து, வர்ணத்தின் வேறுபாடு, அச்சின் தழும்பு ஆகியவற்றைக் கொண்டு அது எங்கு, எக்கட்டத்திற் செய்யப்பட்டது என்பதைத் துணியும் முறையைச் சேகரிப்பாளர் வகுத்துள்ளனர். நாணயவியலாளர் நாணயத்தை ஆராயும் முறைக்கு இது நிகரானது.

ஆயினும் இந்நுணுக்கமான ஆராய்ச்சியில் ஒரு பெரும் வெற்றிடம் உண்டு. அச்சின் வரலாறு அறியப்பட்டது. அச்சை இயக்கிய கைகளின் வரலாறு அறியப்படவில்லை. 1993 மே 10ஆம் திகதி தாய்லாந்தின் கேடர் விளையாட்டுப் பொருள் தொழிற்சாலையில் மூண்ட தீயில் 188 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் இளம் பெண்கள். அங்கு செய்யப்பட்ட பொருள்கள் அமெரிக்கச் சந்தைக்கு உரியவை. அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் சீனாவின் ஷென்சென் நகரில், ஐரோப்பியச் சந்தைக்கு விளையாட்டுப் பொருள் செய்த ஷிலி தொழிற்சாலையில் எரிந்து மாண்டோர் 87 பேர். இரண்டு இடங்களிலும் வெளியேறும் வழிகள் பூட்டப்பட்டிருந்தன. மேலைநாடுகளிற் சேகரிப்பு வளரத் தொடங்கிய அதே பத்தாண்டின் நிகழ்ச்சிகள் இவை. உறையில் ஒரு மடிப்பு விழுந்ததா எனப் பூதக்கண்ணாடி கொண்டு நோக்கும் கலை, அவ்வுறையை ஒட்டிய பெண்ணின் பெயரைக் கேட்டறியவில்லை.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, வளர்ந்தோர் விளையாட்டுருவங்களைச் சேகரிப்பது குழந்தைத்தனம் அன்று என்பதும், அது நவீன கைத்தொழிற் சமுதாயம் தன் நினைவுகளைக் காக்கும் வழிகளுள் ஒன்று என்பதும் புலனாகும். அவ்வழி நிறைவு பெற வேண்டுமாயின், விளையாடிய குழந்தையும் உழைத்த தொழிலாளியும் அதனுள் இடம்பெறல் வேண்டும். மூன்றேமுக்கால் அங்குல உருவம் ஒன்றின் காலில் 'ஹொங்கொங்கிற் செய்யப்பட்டது' என்ற சிறு எழுத்துகள் காணப்படும். சேகரிப்பாளர் அதனை வகையைத் துணிவதற்குரிய குறியாகப் படிக்கின்றனர். வரலாற்று மாணவர் அதனை ஆராய்ச்சியின் தொடக்கமாகப் படித்தல் வேண்டும்.