கறுப்பு முயலின் குற்றம்

முயல்கள் இரண்டு மணம் செய்துகொண்டன. மாநிலம் ஒன்று சினந்தெழுந்தது! கட்டுக்கதையல்ல, தோழர்களே, வரலாறு. ஆண்டு 1959, இடம், அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா.

கார்த் வில்லியம்ஸ் எனும் ஓவியர், 'முயல்களின் திருமணம்' என்ற படக்கதை நூலை 1958-இல் சின்னஞ்சிறார்க்கென வெளியிட்டார். காட்டிலே ஒரு வெள்ளை முயல், ஒரு கறுப்பு முயல். ஓடின, ஆடின, ஒன்றையொன்று விரும்பின. காதிலே பூச்சூடிக்கொண்டன, காட்டு விலங்குகள் சுற்றி நின்று ஆடி வாழ்த்தின. மணம் முடிந்தது. புரோகிதருமில்லை, ஓமப்புகையுமில்லை! நம் சட்டமன்றம் சுயமரியாதைத் திருமணத்தை ஏற்றது 1967-இல்தான், முயல்கள் முந்திக்கொண்டன.

வெள்ளையும் கறுப்பும் கலப்பதா? குழந்தையின் நெஞ்சிலே நஞ்சா? கொதித்தனர் நிறவெறியர். எடின்ஸ் எனும் மாநில செனட் உறுப்பினர், அந்நூலைக் கொளுத்தவேண்டும் என்றார். மாநிலப் பொதுநூலகத் துறைக்கு இயக்குநராயிருந்தவர் எமிலி ரீட் அம்மையார். அவர் நூலைத் தனி அலமாரிக்கு மாற்றினார்; கேட்கும் நூலகங்களுக்கு மட்டும் தரச் செய்தார்; அடியோடு அகற்ற மறுத்தார். தனி அலமாரி என்பதே ஒரு விட்டுக்கொடுத்தல்தான். எனினும், அந்நாளைய அலபாமாவிலே அதற்கும் நெஞ்சுரம் வேண்டும். பிறகு, அமெரிக்க நூலகச் சங்கம் தேர்ந்தெடுத்த சிறந்த நூல்களின் பட்டியலை அவருடைய துறை மற்ற நூலகங்களுக்கு அனுப்பிற்று. மார்ட்டின் லூதர் கிங், மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றி எழுதிய நூலும் அதிலே இருந்தது. மீண்டும் கூச்சல்! 1960-இல் அம்மையார் அலபாமாவை விட்டு வாஷிங்டனுக்குச் சென்றார்.

ஒரு பட்டியலைக் கண்டு ஏன் இத்தனை அச்சம்? 'இதைப் படி' என்று குழந்தையின் கையிலே நூலைக் கொடுப்பவர், யார் மனிதர், யார் கோமாளி என்பதையும் சேர்த்தே கொடுக்கிறார் என்பது ஆதிக்கக்காரர்களுக்கு நன்கு தெரியும்.

கறுப்பின மக்களும் அதனை முன்பே உணர்ந்திருந்தனர். டுபாய்ஸ் அவர்களும் ஜெசி ஃபாசெட் அம்மையாரும் தம் இனக் குழந்தைகளுக்கென 1920 சனவரியில் 'தி பிரௌனீஸ் புக்' எனும் மாத இதழைத் தொடங்கினர். இளைஞராயிருந்த லாங்ஸ்டன் ஹியூஸின் பாக்கள் அதிலே அச்சேறின. 24 இதழ்கள் வந்தன. 1921 டிசம்பரோடு நின்றது.

இதழ் நின்றது, பணி நிற்கவில்லை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி நூலகத்தில் 1937-இல் பணியேற்றார் அகஸ்டா பேக்கர் எனும் கறுப்பினப் பெண்மணி. அலமாரியிலே என்ன கண்டார்? தடித்த உதடு, பிதுங்கிய விழி, சிதைந்த பேச்சு! கறுப்பன் என்றால் ஏவல் செய்பவன், இல்லையேல் சிரிப்பு மூட்டுபவன். அந்த நூலைத்தான் கறுப்பினக் குழந்தையே இரவல் வாங்கிப் போயிற்று! பேக்கர் புலம்பவில்லை, பொறுக்கத் தொடங்கினார். படம் இழிவு செய்கிறதா? மொழி ஏளனம் செய்கிறதா? கருத்து அடிமைத்தனத்தைப் போற்றுகிறதா? மூன்றிலும் தேறிய நூல்களை 1939 முதல் தனித்தொகுப்பாகச் சேர்த்தார். 1946-இல் பரிந்துரைப் பட்டியலாகவே வெளியிட்டார். எழுத்தாளரிடமும் பதிப்பகத்தாரிடமும் குறையை எடுத்துரைத்துப் புதிய நூல்களைக் கேட்டார். 1961-இல் நியூயார்க் பொதுநூலகத்தின் குழந்தைகள் பிரிவு முழுமைக்கும் பொறுப்பேற்றார்.

மறு ஆண்டிலே வெளிவந்தது எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோயி டே'. பீட்டர் எனும் கறுப்பினச் சிறுவன் பனியிலே விளையாடுகிறான், அவ்வளவுதான் கதை. அடிமைத்தளை இல்லை, அறிவுரை இல்லை, ஒரு குழந்தையின் ஒருநாள் மகிழ்ச்சி! 1963-இல் அதற்குக் கால்டிகாட் பரிசு கிடைத்தது. தம்மை வரைய ரோசா நிறத்தையே எடுத்துவந்த மாணவர்கள், அந்நூலைப் படித்தபின் பழுப்பு நிறத்தை எடுத்தனர் என்று ஆசிரியை ஒருவர் தமக்கு எழுதியதாகக் கீட்ஸ் கூறியிருக்கிறார். என் வகுப்பிலும் பிள்ளைகள் 'ஸ்கின் கலர்' என்று கேட்டு வாங்குவது ரோசா நிற வண்ணக்குச்சியைத்தான்; கேட்கும் கையின் நிறமோ வேறு.

கீட்ஸின் நூல் வந்ததால் நிலை மாறிவிட்டதா? நான்சி லாரிக் எனும் கல்வியாளர் 1965-இல் கணக்கை விரித்தார்: 1962 முதல் 1964 வரை 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 சிறுவர் நூல்களில், கறுப்பர் ஒருவரேனும் தென்பட்டவை 349. நூற்றுக்கு ஏழுகூட இல்லை! கீட்ஸையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்நூலின் தாய், பழைய வேலைக்காரிப் படங்களின் சாயலில் இருப்பதாகக் குறைகூறினார். கீட்ஸ் மறுத்தெழுதினார். என் மனம் கீட்ஸின் பக்கமே சாய்கிறது. எனினும், நல்லெண்ணத்தோடு எழுதிய நூலையும் உரைத்துத்தான் பார்க்கவேண்டும். 1922 முதல் வழங்கப்படும் நியூபெரி பரிசு, கறுப்பின எழுத்தாளர் ஒருவரை எட்டியது 1975-இல். அவர் வர்ஜீனியா ஹாமில்டன்.

புதிய நூல்களில் மூன்றைச் சொல்வேன். ஜெரி கிராஃப்ட்டின் 'நியூ கிட்' (2019) படங்களாலேயே நடக்கும் நெடுங்கதை. வெள்ளையர் நிறைந்த பள்ளியிலே சேர்ந்த கறுப்பினச் சிறுவனின் கதை. 2020-இல் நியூபெரி பெற்ற அந்நூலை, டெக்சாஸின் கேட்டி பள்ளி மாவட்டம் 2021-இல் அலமாரியிலிருந்து எடுத்தது. ஆய்ந்தபின் மீண்டும் வைத்தது. முயல்களுக்கு நேர்ந்ததை மறந்துவிடவில்லையே, தோழர்களே? ஆமினா லுக்மான் டாசனின் 'ஃப்ரீவாட்டர்' (2022), தப்பியோடிய அடிமைகள் சதுப்புக்காட்டிலே அமைத்த விடுதலை வாழ்வைக் கூறுவது. ஆசிரியர் உடனிருந்து படித்துக்காட்டினால் நலம். எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு வாஷ்டி ஹாரிசனின் 'பிக்' (2023). உருவம் பெரிதென்று ஊரார் வீசிய சொற்களை, அந்தச் சிறுமி ஒவ்வொன்றாக எடுத்து அவரவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறாள்.