வீட்டு அடுப்புக்கு வந்த பிரௌனி

சாக்லேட் பிரௌனி அமெரிக்காவில் பிறந்த பண்டம். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில், பெண்களின் மதிய உணவுப் பெட்டிக்குள் அடங்கும் சிறிய இனிப்பு ஒன்று வேண்டும் என்று அந்நகரப் பிரமுகர் பெர்த்தா பாமர் கேட்டார். பாமர் ஹவுஸ் ஓட்டல் வால்நட் சேர்த்து, ஆப்ரிகாட் பாகு பூசிய சாக்லேட் துண்டுகளைச் செய்தது. இது அந்த ஓட்டல் சொல்லிவரும் வரலாறு.

வீடுகளுக்கு அதைக் கொண்டுசேர்த்தவை சமையல் புத்தகங்களே. ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட பாஸ்டன் சமையல் பள்ளி நூலில் பிரௌனி உண்டு, சாக்லேட் இல்லை: கரும்புப்பாகு சேர்த்துச் சிறு அச்சுகளில் சுட்ட கேக் அது. 1906ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சாக்லேட் வந்தது. மறு ஆண்டே லௌனி சாக்லேட் நிறுவனத்தின் சமையல் நூலில் மரியா ஹோவர்ட் முட்டையையும் சாக்லேட்டையும் கூட்டினார். இன்றைய செறிவான பிரௌனிக்கு வழி திறந்தது இந்த மாற்றம்தான்.

பிரௌனியில் மைதா குறைவு, வெண்ணெயும் சாக்லேட்டும் அதிகம், பேக்கிங் பவுடர் சிறிதளவு அல்லது அறவே இல்லை. அதனால் கேக்கைப்போல உப்பாமல் உள்ளே ஈரப்பதத்துடன் நிற்கிறது. நடிகை கேத்தரின் ஹெப்பர்ன் பெயரால் புகழ்பெற்ற வீட்டுச் செய்முறையில் மைதா கால் கப் மட்டுமே. ஒரே பாத்திரத்தில் கலக்கி, ஒரே தட்டில் சுட்டு, சதுரங்களாக வெட்டிக் கொடுக்கலாம், மேற்பூச்சு தேவையில்லை. பிள்ளைகளுக்கும் விருந்தினருக்கும் வீட்டிலேயே செய்யும் பண்டமாக அது நிலைத்ததற்கு இந்த எளிமையே பெரிய காரணம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெட்டியில் அடைத்த மாவுக் கலவைகளும் கடைகளில் பரவின.