ஈறு நோய் அறுவை முறைகள்: ஓர் ஒப்பீட்டு வரலாறு

ஈறு நோய் முற்றும்போது ஈறு பல்லைவிட்டு விலகி, இடையில் பை போன்ற பள்ளம் உண்டாகிறது. அதற்குள் கிருமிப் படலமும் காரையும் சேர, பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. பல் ஆடுகிறது, கடைசியில் விழுகிறது. இந்தப் பையை எந்த வகை அறுவையால் ஒழிப்பது என்பது பல் மருத்துவர்களிடையே ஏறத்தாழ நூறாண்டுகள் நீடித்த விவாதமாகும்.

முதலில் வந்தது ஈறு நீக்கம். வியன்னாவைச் சேர்ந்த ராபிசெக் 1884இல் இதை விவரித்தார். பையின் ஆழம் வரை ஈறை வெட்டி நீக்கி, வெளிப்பட்ட எலும்பைச் சுரண்டுவது அவர் முறை. அடியிலுள்ள எலும்பு அழுகிவிட்டது என்று அக்காலத்தில் நம்பப்பட்டது. அது தவறு, எலும்பு தேய்கிறதே தவிர அழுகுவதில்லை என்பதைத் திசு ஆய்வின் மூலம் குரோன்ஃபெல்ட் 1935இல்தான் காட்டினார். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் வீணாகச் சுரண்டப்பட்ட நல்ல எலும்புக்குக் கணக்கில்லை. ஈறு நீக்கத்துக்குப் பின் பற்கள் நீண்டு தெரிவதும், திறந்துகிடக்கும் வேர் கூசுவதும் நோயாளிகள் சுமந்த விலை.

ஈறை வெட்டி எறியாமல் கடித உறையின் மூடிபோலத் திறந்து, வேரைச் சுத்தம் செய்து, மீண்டும் தைத்து மூடுவது மடல் அறுவை. சுவீடனின் லெனார்ட் விட்மன் 1918இல் இதுபற்றி எழுதினார். முதலில் செய்தவர் யார் என்பதில் அவருக்கும் பெர்லினின் நாய்மனுக்கும் லிவிவ் நகரின் சியெஷின்ஸ்கிக்கும் இடையே சச்சரவு இருந்தது. (சியெஷின்ஸ்கி 1941இல் நாஜிகள் சுட்டுக்கொன்ற லிவிவ் பேராசிரியர்களில் ஒருவர்.) 1931இல் கிர்க்லாண்ட், நல்ல ஈறைத் தொடாத எளிய மடல் முறையை அறிமுகப்படுத்தினார்.

ஆனால் எது சிறந்தது என்பதற்குச் சான்று இல்லை. ஒவ்வொருவரும் தம்மிடம் தேறிய நோயாளிகளைக் காட்டினர். வாய்க்கு வாய் நோயும் வேறு, பல் துலக்கும் பழக்கமும் வேறு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சிகுர்ட் ராம்ஃபியோர்டு குழுவினர் 1960களில் இதற்கு ஒரு வழி கண்டனர்: ஒரே வாயைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு சிகிச்சை. ஆளும் ஒன்று, பழக்கமும் ஒன்று என்பதால் மிஞ்சும் வேறுபாட்டைச் சிகிச்சையின் விளைவாகக் கொள்ளலாம். அதே ராம்ஃபியோர்டு நிசிலுடன் சேர்ந்து 1974இல் 'திருத்திய விட்மன் மடல்' முறையை வெளியிட்டார். பையை அறுத்து ஒழிப்பது அதன் நோக்கமன்று. வேரைக் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்ய வழி திறப்பதே நோக்கம்.

விவாதத்தைத் திருப்பியவை சுவீடனின் கோதன்பர்க் ஆய்வுகள். 1976இல் ரோஸ்லிங், நைமன், லிண்டே குழுவினர் 50 நோயாளிகளை ஐந்தாகப் பிரித்து ஐந்து அறுவை முறைகளைச் செய்தனர். பின்னர் இரண்டு ஆண்டுகள், இரு வாரங்களுக்கு ஒருமுறை அவர்களின் பற்களைச் சுத்தம் செய்தனர். ஐந்து முறைகளிலும் நோய் அடங்கியது. மறு ஆண்டு வெளியான ஆய்வில் அதே ஐந்து முறைகள் 25 பேருக்குச் செய்யப்பட்டன. ஆனால் இவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே அழைக்கப்பட்டனர். பற்களில் படலம் படிந்தது, பைகள் திரும்பின, பல்லின் பிடிப்பு முன்பைவிடக் குறைந்தது. எந்த வெட்டு என்பதைவிட அதன் பிறகு என்ன நடக்கிறது என்பதே முடிவைத் தீர்மானித்தது. இந்த உண்மைக்கு அந்த 25 பேர் தங்கள் ஈறால் விலை கொடுத்தனர் என்பதையும் மறக்கலாகாது.

1987இல் மிச்சிகன் குழு 90 நோயாளிகளிடம் தொடங்கிய ஐந்தாண்டு ஒப்பீட்டை வெளியிட்டது. வாயின் நான்கு கால்பகுதிகளில் மூன்றுக்கு வெவ்வேறு அறுவைகள், நான்காவதற்குக் கத்தியே படாத வேர்ச் சுத்தம். நடுத்தர ஆழமுள்ள பைகளில் கத்தி படாத பகுதி பின்தங்கவில்லை. ஆழம் குறைந்த இடங்களில் அறுவை கெடுதலே செய்தது. இந்த எல்லையை லிண்டே குழுவினர் 1982இலேயே கணக்கிட்டிருந்தனர்: ஏறத்தாழ 4.2 மில்லிமீட்டருக்குக் குறைந்த பையில் மடல் அறுவை செய்தால் பிடிப்பு கூடுவதற்குப் பதில் குறையும்.

அதனால் அறுவை வழக்கொழிந்துவிடவில்லை. கடைவாய்ப் பல்லின் வேர்கள் பிரியும் இடத்திலும், ஆழமான பைகளிலும் கருவி குருட்டுத்தனமாகவே இயங்கும். அங்கே மடலைத் திறந்தால்தான் காரை கண்ணில்படும். இன்றைய வழக்கத்தில் முதலில் வேர்ச் சுத்தம் செய்து, சில வாரங்கள் கழித்துப் பைகளை மீண்டும் அளக்கின்றனர். அப்போதும் ஆழம் குறையாத இடங்களுக்கு மட்டுமே கத்தி எடுக்கப்படுகிறது.