ஈறு, சுகர், எச்சில்: தேயிலைத் தோட்டம் சொன்ன பதில்

எங்க தர்மபுரி மாவட்டத்துல பல்லைப் பத்திப் பேச்செடுத்தாலே ஃப்ளோரைடுக்குப் போயிடும். அந்தப் பழுப்புக் கறை சிரிச்சாலே தெரியும். அதுக்காகத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரும் வந்தது. ஈறு நோய் அப்படி இல்லைங்க. பெருசா வலிக்காம உள்ளேயே எலும்பைக் கரைக்கும். பல் ஆட ஆரம்பிச்சதும் "வயசாயிடுச்சு"ன்னு சொல்லிக்குவோம்.

வயசா காரணம்? இதுக்குப் பெரிய பதில் கிடைச்சது நம்ம ஆளுங்க வாயிலிருந்துதான்.

1970-ல் நார்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ குழுவினர், இலங்கையில ரெண்டு தேயிலைத் தோட்டங்கள்ல 480 ஆண் தொழிலாளர்களோட ஈறைப் பரிசோதிச்சாங்க. மலையகத் தமிழர்கள். வெள்ளைக்காரன் காலத்துல திருச்சி, சேலம் மாதிரி மாவட்டங்கள்ல இருந்து பஞ்சம் பிழைக்கப் போனவங்க வம்சம். (தர்மபுரி 1965 வரைக்கும் சேலம் மாவட்டம்தான்!) ஏன் இவங்க? பிரஷ் பழக்கமும் இல்லை, பல் டாக்டரும் இல்லை. வைத்தியமே தொடாத நோய் எப்படி வளரும்னு பார்க்கத் தோதா இருந்தாங்க. படிக்கும்போது மனசு கஷ்டமாத்தான் இருக்கு...

1985 வரை 15 வருஷம் பார்த்தாங்க. எல்லார் பல்லுலயும் அழுக்கு, எல்லாருக்கும் ஈறு வீக்கம். ஆனா சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமா முத்துச்சு. 81 சதவீதம் பேருக்கு மெதுவா. 11 சதவீதம் பேருக்கு வீக்கத்தைத் தாண்டவே இல்லை! 35 வயசுல முதல் கோஷ்டிக்கு 9 மி.மீ. பிடிமானம் போயிருந்தது, கடைசி கோஷ்டிக்கு 1 மி.மீ.கூட இல்லை.

அப்போ அழுக்கு மட்டும் காரணமில்லை. அதை எதிர்த்து உடம்பு எப்படிச் சண்டை போடுதுங்கறதும் முக்கியம். சுகர் உள்ளே வர்ற இடம் இதுதான். ரத்தத்துல சர்க்கரை ஏறினா அந்தச் சண்டை அடங்காம நம்ம திசுவையே அரிக்கும். அந்த வீக்கம் திரும்ப சுகரைக் கட்டுப்படாம பண்ணும். 1993-ல் அதே லோ, கண், கிட்னி, நரம்பு வரிசையில ஈறு நோயை சர்க்கரையோட "ஆறாவது சிக்கல்"னு எழுதினார்.

அந்தச் சண்டையோட தடயம் எச்சில்லயே கிடைக்குது. ஐஜிஏ எதிர்ப்புப் புரதம், வெள்ளை அணுக்கள் கக்கற எம்எம்பி-8 நொதி இதெல்லாம் இப்போ அளக்கறாங்க. ஆனா எச்சில் டெஸ்ட்டை மட்டும் வெச்சு நோயை உறுதி செய்ய முடியாது; ஈறு இடுக்குல அளவுகோல் விட்டுப் பார்க்கணும்.

அந்த 480 பேர் இன்னிக்குப் பல் மருத்துவப் பாடத்துல இருக்காங்க, பேரில்லாம, வெறும் சதவீதமா. அவங்களுக்குக் கிடைக்காத டாக்டர் நமக்குப் பக்கத்துலயே இருக்கார். வீட்டுல யாருக்காவது சுகர் இருந்தா, அடுத்த தடவை ஈறையும் காட்டிட்டு வாங்க மக்களே.