யாரையாவது தெரியுமா தம்பி?

ஒரகடத்துல நான் குடியிருக்கிற வீட்டுக்கு எதிர் போர்ஷன் அண்ணன் கம்பெனி பஸ் ஓட்டுறார். ஷிப்ட் ஆளுங்களைக் கொண்டுபோய் விடுறது, கூட்டிட்டு வர்றது. அவர் பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சுட்டு இஞ்சினியரிங் ரேங்க் லிஸ்ட்டுக்காகக் காத்துக்கிட்டு இருந்தது. ஒரு நாள் ராத்திரி நான் ஆணி புடுங்கிட்டு வீட்டுக்கு வந்தா மனுஷன் வாசல்லயே நிக்கிறார்.

"தம்பி, நீங்க இஞ்சினியரிங் படிச்சவரு. அண்ணா யுனிவர்சிட்டில யாரையாவது தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லி வச்சா நல்லாருக்கும்."

சிரிச்சுட்டேன். அப்புறம் படுத்தா தூக்கம் வரலை. அவர் கேட்டது ஒண்ணும் லூசுத்தனமான கேள்வி இல்லை. நம்ம ஊர்ல ரொம்ப காலம் அதுதான் சரியான கேள்வியா இருந்தது. வாங்க, கொசுவத்திச் சுருளைக் கொஞ்சம் சுத்துவோம்.

கிண்டி இஞ்சினியரிங் காலேஜோட வேர் 1794ல ஆரம்பிச்ச சர்வே பள்ளிக்கூடம். அங்க சீட்டு யாருக்குங்கிற சண்டை இந்திய அரசியல் சட்டத்தையே மாத்தியிருக்கு. சென்னை மாகாணத்துல 'கம்யூனல் ஜி.ஓ.'ன்னு ஒண்ணு இருந்தது. ஒவ்வொரு 14 சீட்டுக்கும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் - இந்திய கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கு. இதை எதிர்த்து மெடிக்கல் சீட்டு விஷயமா செண்பகம் துரைராஜனும், கிண்டியில விண்ணப்பிச்ச சி.ஆர்.சீனிவாசனும் கோர்ட்டுக்குப் போனாங்க. 1951 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் ஜி.ஓ. செல்லாதுன்னு சொல்லிடுச்சு. தமிழ்நாட்டுல போராட்டம் வெடிச்சது. ஜூன் மாசமே முதல் சட்டத்திருத்தம் வந்து, 15(4) பிரிவு சேர்ந்தது. இன்னிக்கு இருக்கிற கல்வி இடஒதுக்கீட்டுக்கு அடிப்படை அதுதான்.

சரி, பங்கு முடிவாச்சு. ஆனா அந்தப் பங்குக்குள்ள எந்தப் பையன்? அங்கதான் 'இண்டர்வியூ' உள்ள வருது. 1970ல மெடிக்கல் சேர்க்கை வழக்கு ஒண்ணு, பெரியகருப்பன் வழக்கு, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. அப்ப இண்டர்வியூவுக்கு மட்டும் 75 மார்க். பரிட்சையில வாங்கின மார்க்கை யாரும் குறைக்க முடியாது. ஆனா எதிர்ல உக்காந்திருக்கிறவர் போடுற மார்க்கு? எங்க பெரியப்பா எழுபதுகள்ல ஒரு காலேஜ் இண்டர்வியூவுக்குப் போனவர். பேர் வேண்டாம். உள்ள கேட்ட முதல் கேள்வி, "அப்பா என்ன பண்றார்?" அதுக்கப்புறம் பதில் கடிதத்துக்காக ரெண்டு மாசம் போஸ்ட்மேனை எதிர்பார்த்து நின்னாராம். கடிதம் வரவே இல்லை. ஏன் கிடைக்கலைங்கிறது அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. கிடைக்காததை விட அதுதான் அவரை அரிக்குது.

1984ல எம்.ஜி.ஆர். ஆட்சியில நுழைவுத் தேர்வு வந்தது. ப்ளஸ் டூ மார்க் 200க்கு, நுழைவுத் தேர்வு 100க்கு, மொத்தம் 300. தொண்ணூறுகள்ல ஒற்றைச் சாளர கவுன்சிலிங். ஒரே லிஸ்ட், ஒரே ஹால், ரேங்க் வரிசையில கூப்பிடுவாங்க. இதுக்கு முக்கியக் காரணமா இருந்தவர்கள்ல ஒருத்தர் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தரா இருந்த மு. அனந்தகிருஷ்ணன். நம்ம பதிவர் கூட்டத்துக்கு அவர் இன்னொரு வகையிலயும் சொந்தம். உத்தமம் அமைப்போட முதல் தலைவர் அவர்தான்.

2005ல ஜெயலலிதா அரசு நுழைவுத் தேர்வை எடுத்துப் பார்த்தது, ஹைகோர்ட்ல நிக்கலை. 2006ல கருணாநிதி அரசு அனந்தகிருஷ்ணன் தலைமையில குழு போட்டது. கோச்சிங் வசதி இருக்கிற நகரத்துப் பிள்ளைங்க முந்திக்கிறாங்க, கிராமத்துப் பிள்ளைங்க பின்தங்குறாங்கங்கிறது வாதம். டிசம்பர்ல சட்டம் நிறைவேறி, 2007ல இருந்து ப்ளஸ் டூ மார்க் மட்டும்தான்.

இதுல ஒரு வேடிக்கை. அதே 2006 செப்டம்பர்ல அமெரிக்காவுல ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் முன்கூட்டிய சேர்க்கையை நிறுத்தறதா அறிவிச்சாங்க. அங்க 'எர்லி டிசிஷன்'னு ஒரு முறை உண்டு. நவம்பர்ல ஒரே ஒரு காலேஜுக்கு விண்ணப்பம், டிசம்பர் நடுவுல முடிவு, கிடைச்சா சேர்ந்தே ஆகணும். எங்க உதவித்தொகை அதிகம்னு ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாது. பணத்தைப் பத்திக் கவலைப்படாத வீட்டுப் பிள்ளைக்குத்தான் அது லாபம். சொன்ன காரணமும் கிட்டத்தட்ட நம்ம ஊர்க் காரணம்தான். ஆனா 2011ல அவங்க வேற வடிவத்துல திரும்பக் கொண்டு வந்துட்டாங்க. நம்ம ஆளுங்க கொண்டு வரலை.

2015ல நானும் அப்பாவும் கவுன்சிலிங்குக்கு கிண்டிக்குப் போனோம். ஸ்கிரீன்ல காலி இடங்கள் ஒண்ணொண்ணா குறையும். அப்பா எதுவும் பேசலை, என் கையை மட்டும் பிடிச்சிருந்தார். 2018ல அதெல்லாம் ஆன்லைனுக்குப் போயிடுச்சு. 2019ல இருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துது. இப்ப கிடைச்சதை ஏத்துக்கிட்டு, இன்னும் மேல கிடைச்சா மாத்துங்கன்னும் சொல்லலாம்.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல வரலை. ப்ளஸ் டூ மார்க்கும் வீட்டு வசதியைப் பொறுத்ததுதான். அதனாலதான் 2021ல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம்னு தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஆனா ஒண்ணு மாறியிருக்கு. என்ன கணக்குல முடிவு வந்ததுன்னு காத்திருக்கிற பிள்ளைக்குத் தெரியும்.

மறுநாள் அண்ணன்கிட்ட இதைத்தான் சொன்னேன். அவருக்குத் திருப்தி இல்லை. பொண்ணு நோட்டை எடுத்துக் காட்டுச்சு. கணக்கு 92. இயற்பியல் 88ல பாதி 44. வேதியியல் 86ல பாதி 43. ஆக 179. "இதுல யாருப்பா என்ன சொல்ல முடியும்?"

லிஸ்ட் வந்தது. அதே 179, பக்கத்துல ரேங்க். கொஞ்சம் கீழதான், ஆனா நல்ல காலேஜ் ஒண்ணு கிடைக்கும். சாயந்திரம் அண்ணன் அரை கிலோ ஜாங்கிரியோட வந்தார். "தம்பி, வெளிய சொல்ல மாட்டேன். யார்கிட்டயோ பேசிட்டீங்க, இல்ல?"

"சத்தியமா இல்லண்ணே."

அவர் நம்பாம கண்ணடிச்சார். பின்னாடி நின்ன பொண்ணு பாக்ஸை என் கையில இருந்து வாங்கி, முதல் ஜாங்கிரியை அதுவே எடுத்துக்கிச்சு.

"அப்பா, அது நான் வாங்கின மார்க்கு."

டிஸ்கி: மிச்சம் ஜாங்கிரி எனக்குத்தான் :-)