மிதிபடாமலே மூச்சு நிற்பது ஏன்? கூட்ட நெரிசலில் மார்புக்கூட்டுக்கு என்ன ஆகிறது?

திருவண்ணாமலையில் கார்த்திகை மகா தீபம் ஏற்றப்படும் மாலை 6 மணி. ஆண்டுக்கு ஒரே முறை, சில நிமிடங்கள் மட்டும் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து காட்சி தருவார். அதே நேரத்தில் 2,668 அடி உயர மலை உச்சியில் தீபம் எரியும். கோயில் பிராகாரத்தில் நிற்கும் அத்தனை பேரும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி "அரோகரா" என்பார்கள். பக்தியில் இயல்பான விஷயம்தான். ஆனால் கூட்டம் அளவு மீறி இறுகினால், மார்புக்குப் பாதுகாப்பே இல்லாமல் போவதும் அப்போதுதான்.

கூட்டத்தில் சிக்கி வந்தவர்கள் "மூச்சே விட முடியல" என்பார்கள். உண்மையில் மூச்சை விட முடியும். இழுக்கத்தான் முடியாது. ஏன்?

நுரையீரல் தானாக விரியாது

நுரையீரலுக்குத் தன்னைத்தானே விரித்துக்கொள்ளும் தசை கிடையாது. அது ஒரு ஸ்பாஞ்ச் மாதிரி. வலது பக்கம் மூன்று மடல்கள். இடது பக்கம் இதயத்துக்கு இடம் விட வேண்டியிருப்பதால் இரண்டுதான். உள்ளே கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள். இவ்வளவையும் விரிக்கும் வேலையைச் செய்வது சுற்றியிருக்கும் மார்புச் சுவர்.

மார்புக்கூட்டில் 12 ஜோடி விலா எலும்புகள். எல்லாம் பின்னால் முதுகெலும்பில் சேர்கின்றன. முன்னால் மேல் 7 ஜோடிகள் குருத்தெலும்பு வழியாக நேரடியாக நெஞ்செலும்பில் இணைகின்றன. அடுத்த 3 ஜோடிகள் தமக்கு மேலே உள்ள குருத்தெலும்பைப் பிடித்துக்கொள்கின்றன. கடைசி 2 ஜோடிகளுக்கு முன்பக்கம் பிடிமானமே இல்லை.

மூச்சை இழுக்கும்போது மேல் விலா எலும்புகள் அடிபம்பு கைப்பிடி போல முன்னால் உயரும். கீழ் விலா எலும்புகள் வாளியின் கைப்பிடியைத் தூக்குவது போலப் பக்கவாட்டில் விரியும். அடியில் குடை மாதிரி இருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கி வயிற்றை வெளியே தள்ளும். சாதாரண மூச்சில் பெரும்பங்கு வேலை இந்த உதரவிதானத்துடையது.

சரி, சுவர் விரிந்தால் நுரையீரல் ஏன் கூடவே விரிகிறது? நுரையீரலின் மேல் ஒரு மெல்லிய உறை, மார்புச் சுவரின் உட்புறம் இன்னொரு உறை. நடுவில் கொஞ்சம் திரவம். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளைப் பிரிக்கப் பார்த்தால் எப்படி ஒட்டிக்கொண்டு வருமோ, அப்படித்தான். சுவர் நகர்ந்தால் நுரையீரலும் நகரும், காற்று உள்ளே வரும். ஒரு சாதாரண மூச்சில் சுமார் அரை லிட்டர்.

வெளியே விட எந்த முயற்சியும் வேண்டாம். தசைகள் தளர்ந்தால் போதும், கூடு தானே சுருங்கிவிடும்.

நெரிசலில் நடப்பது என்ன?

நாலா பக்கமும் உடல்கள் அழுத்தும்போது விலா எலும்புகள் உயர இடமில்லை, வயிறு முன்னால் வர இடமில்லை. ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் மார்பு கொஞ்சம் சுருங்கும். அந்த இடைவெளியைக் கூட்டம் உடனே நிரப்பிவிடும். அடுத்த மூச்சுக்கு முன்பை விடக் குறைந்த இடம். இதைத்தான் மருத்துவர்கள் அழுத்த மூச்சுத்திணறல் என்கிறார்கள். நின்றபடியே நினைவிழப்பவர்கள் உண்டு. கூட்டம் தாங்கிப் பிடித்திருப்பதால் அவர்கள் விழுந்ததாகக்கூட வெளியே தெரியாது.

1992 பிப்ரவரியில் கும்பகோணம் மகாமகத்தில் சுமார் 50 பேர், 2022 அக்டோபரில் தென்கொரியத் தலைநகர் சியோலின் இட்டேவோன் சந்தில் 159 பேர், 2025 செப்டம்பரில் கரூரில் 41 பேர் என நெரிசல் மரணங்கள் தொடர்கின்றன. "மிதிபட்டு இறந்தனர்" என்று எழுதுவது செய்திகளில் பழகிப்போன ஒன்று. ஆனால் இத்தகைய சம்பவங்களில் முக்கியக் காரணமாக இருப்பது மார்பு அழுத்தப்பட்டு மூச்சு நிற்பதுதான். 'மக்கள் பீதியில் ஓடினார்கள்' என்பதும் பெரும்பாலும் சரியான விளக்கமில்லை. ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நெருங்கிவிட்டால் யாரும் ஓடவே முடியாது. பின்னால் இருப்பவர் லேசாகத் தள்ளுவது, முன்னால் தடுப்புக் கம்பியில் நிற்பவரின் நெஞ்சில் பெரும் எடையாக இறங்கும்.

குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். அவர்களின் விலா எலும்புகள் மென்மையானவை, ஏறக்குறைய கிடைமட்டமாக இருப்பவை. அதனால் வாளிக் கைப்பிடி அசைவு அவ்வளவாக வராது, மூச்சு முழுக்க வயிற்றை நம்பியே இருக்கும். அவர்கள் முகம் பெரியவர்களின் இடுப்பு உயரத்தில் வேறு. முதியவர்களுக்குப் பிரச்சினை நேர் எதிர்: குருத்தெலும்பு இறுகி, மார்புக்கூடு விரிவதே குறைந்திருக்கும்.

மலை ஏறும்போதும் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கும்போதும் வாங்கும் மூச்சு வேறு வகை. அங்கே மார்பு தாராளமாக விரிகிறது, உடலுக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படுகிறது, அவ்வளவே. 2,668 அடி உயரத்தில் ஆக்சிஜன் பெரிதாகக் குறைந்துவிடாது. திறந்த கிரிவலப் பாதையை விட, கோபுர வாசல், பஸ் ஏறும் இடம் போன்ற குறுகலான பகுதிகளில்தான் கவனம் தேவை.

கை எங்கே இருக்க வேண்டும்?

பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாப் பக்கமும் உரசத் தொடங்கினாலே, குத்துச்சண்டை வீரர் போல இரு முன்கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வையுங்கள். மார்புக்கு முன்னால் சில அங்குலம் கிடைக்கும். அந்த அங்குலம்தான் மூச்சு. தலைக்கு மேல் தூக்கிய கையைப் பிறகு இறக்க இடம் இருக்காது. எதிர்த்துத் தள்ள வேண்டாம். அலை ஓய்ந்த நொடியில் குறுக்காக ஓரத்தை நோக்கி நகரலாம். சுவர், தடுப்புக் கம்பி பக்கம் ஒதுங்குவது ஆபத்து. செருப்போ செல்போனோ விழுந்தால் குனிய வேண்டாம். கத்துவதற்குச் செலவாகும் மூச்சும் அப்போது விலை உயர்ந்தது. குழந்தையைத் தோளுக்குத் தூக்கிவிடுவது நல்லது. விழுந்துவிட்டால் மல்லாந்து கிடக்காமல், பக்கவாட்டில் சுருண்டு தலையையும் நெஞ்சையும் கைகளால் மூட வேண்டும்.

மீட்கப்பட்டவருக்கு நினைவும் இயல்பான மூச்சும் இல்லையென்றால் 108-க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஆக்சிஜன் இல்லாமல் சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கத் தொடங்கும்.

நடந்தே வெளியே வந்தவரையும் அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. முகம் நீலம் பாய்ந்திருப்பது, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், மூச்சை இழுக்கும்போது குத்தும் வலி இருந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடைந்த விலா எலும்பு நுரையீரல் உறையைக் கிழித்து, உள்ளே காற்று புகுந்திருக்கலாம். விலா உடைந்தால் துணியால் நெஞ்சை இறுக்கிக் கட்டுவது நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. இப்போது மருத்துவர்கள் அதைச் செய்யச் சொல்வதில்லை. ஆழமாக மூச்சு வாங்க முடியாமல் சளி தேங்கி நிமோனியா வர அதுவே வழி செய்துவிடும். வலி நிவாரணி கொடுத்து, ஆழ்ந்து மூச்சிழுக்கவும் இருமவும் வைப்பதுதான் இன்றைய சிகிச்சை.